இன்னொரு பார்ட்டி

வாடகைக்கு வீடு தேடி அலைந்திருக்கிறீர்களா? அப்படியானால் அவரை உங்களுக்குத் தெரியும். நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் ஒரு வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கூட வந்தவரிடம் 'பரவாயில்லையே, கிச்சன்ல வெளிச்சம் வருது' என்று நீங்கள் கிசுகிசுக்கிற அந்த நொடியில், புரோக்கர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொல்வார்: "சார், இன்னொரு பார்ட்டி காலையிலயே பார்த்துட்டுப் போயிருக்காங்க. சாயங்காலம் அட்வான்ஸோட வர்றேன்னு சொல்லியிருக்காங்க. நீங்க சீக்கிரம் சொல்லிட்டா நல்லது."

அந்த இன்னொரு பார்ட்டி யார்? சைவமா அசைவமா, கல்யாணம் ஆனவரா ஆகாதவரா, எந்தக் கம்பெனி? தெரியாது. பாதி நேரம் அப்படி ஒருவர் இருப்பதே இல்லை, புரோக்கரின் கைச்சரக்கு. மீதி நேரம் நிஜமாகவே இருக்கிறார், நம்மைவிட இரண்டாயிரம் கூடக் கொடுக்கத் தயாராக. யோசித்துப் பார்த்தால் நம் வாடகையை நிர்ணயிப்பது ஹவுஸ் ஓனர் இல்லை, நாமும் இல்லை, முகம் தெரியாத இந்த ஆசாமிதான். பி.காம். படித்தபோது இதற்கு டிமாண்ட் கர்வ் என்று பெயர் சொல்லி, கரும்பலகையில் சரிவாக ஒரு கோடு போட்டுக் காட்டினார்கள். கோடு ஞாபகமிருக்கிறது. அதன் மேல் ஒரு மனிதர் பேனாவும் செக் புக்குமாக உட்கார்ந்திருக்கிறார் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

தமிழ் சினிமா வீட்டுப் பிரச்னையைக் கையில் எடுத்தபோதெல்லாம் இந்த ஆசாமியைக் கோட்டைவிட்டிருக்கிறது என்பது என் கட்சி. கோட்டைவிட்டவை மோசமான படங்கள் என்று சொல்ல வரவில்லை. தமிழில் நல்ல படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இடம்பிடிக்கக்கூடிய இரண்டு படங்கள் இதில் உண்டு. அதனால்தான் சண்டை போடத் தோன்றுகிறது. மோசமான படத்தோடு யார் மல்லுக்கட்டுவார்கள்?

முதலில் 'வீடு'. பாலு மகேந்திரா, 1988. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது இதற்கு. சிறந்த நடிகை விருது அர்ச்சனாவுக்கு. பார்க்காதவர்களுக்காகக் கதை நாலு வரியில். சுதா ஆபீஸ் வேலைக்குப் போகிற பெண். ஒரு தங்கை, பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற தாத்தா (சொக்கலிங்க பாகவதர்), மூவரும் வாடகை வீட்டில். காலி பண்ணச் சொல்லிவிடுகிறார் ஓனர். சுதாவும் அவளைக் கட்டிக்கொள்ளப்போகிற கோபியும் (பானுசந்தர்) வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். சம்பளத்துக்குள் அடங்குகிற மாதிரி எதுவும் அகப்படவில்லை. வாடகைக்கு அலைவதற்குப் பதில் சொந்தமாகக் கட்டிவிடலாமே என்று ஆபீஸ் ஐயங்கார் ஒருவர் கிளப்பிவிட, வளசரவாக்கத்தில் தாத்தாவின் மனையில் வேலை ஆரம்பமாகிறது. அங்கேதான் படமும் ஆரம்பமாகிறது.

கவனித்தீர்களா? வீடு தேடுவது இந்தப் படத்துக்கு முன்னுரைதான். அந்தத் தொல்லையிலிருந்து தப்பித்து ஓடி, வீடு கட்டுகிற தொல்லையில் போய் விழுகிறார்கள். விழுந்த இடத்தை பாலு மகேந்திரா எவ்வளவு பொறுமையாகக் காட்டுகிறார்! மழை, லோன், அப்ரூவலுக்கு அழுகிற லஞ்சம், காணாமல் போகிற சிமென்ட். ஒரு படத்தைப் பார்த்து முடித்ததும் உட்கார்ந்து வரவு செலவுக் கணக்கு எழுத முடிந்தது என்றால், தமிழில் எனக்கு அது இந்தப் படம் ஒன்றுதான். காமர்ஸ்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்!

சிமென்ட் திருட்டை வெளியே கொண்டுவருவது யார் என்று பாருங்கள். மங்கம்மா என்கிற சித்தாள். 'பசி' சத்யா நடித்தது. கான்ட்ராக்டரைக் கேள்வி கேட்கிற தைரியம் சுதாவுக்கு வருவதற்கு முன்னால் இவளுக்கு வந்துவிடுகிறது. ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுக்கிற மங்கம்மா தான் எங்கே தங்குகிறாள் என்று படம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது வேறு படம். ஆனால் அவள் வந்து போகிற காட்சிகளில் எல்லாம் அந்தக் கேள்வி செங்கல்லோடு செங்கல்லாகத் தலைமேல் இருக்கிறது.

பாதி எழும்பிய வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாகக் கிளம்பிப் போகிற காட்சியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நானும் எழுதி அதைக் கெடுக்க வேண்டாம். பின்னணியில் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என் குறைக்கு வருகிறேன். 'வீடு' படத்தில் எதிரிகள் எல்லோரும் தப்பு செய்கிறவர்கள். கான்ட்ராக்டர் திருடுகிறான். அதிகாரி கை நீட்டுகிறார். உதவி செய்கிற சாக்கில் மேலதிகாரி வேறு கணக்குப் போடுகிறார். கடைசியில், கட்டிய இடமே மெட்ரோ வாட்டருக்குச் சொந்தம் என்று சர்க்கார் வந்து நிற்கிறது. இவர்களெல்லாம் யோக்கியர்களாக இருந்திருந்தால் சுதாவுக்கு வீடு கிடைத்திருக்கும் என்ற நம்பிக்கையில் நிற்கிற படம் அது. 1988-க்கு அந்த நம்பிக்கை பொருந்தியிருக்கலாம். இன்றைக்குப் பார்க்கிற 25 வயதுப் பையனுக்கு லஞ்சமெல்லாம் ஒரு விஷயமே இல்லை. அவனை வாய் பிளக்கவைப்பது, ரிட்டயர்டு பாட்டு வாத்தியாரிடம் வளசரவாக்கத்தில் மனை இருக்கிறது என்பதுதான்!

வளசரவாக்கம் மாறியதில் யாருடைய திருட்டும் இல்லை. வாங்க வந்தவர்கள் அதிகமானார்கள், அவ்வளவுதான். எல்லோரும் யோக்கியமாக இருந்தாலும் வீடு கிடைக்காமல் போகலாம் என்பது 'வீடு' தொடாத விஷயம்.

அதைத் தொட்டிருக்க வேண்டிய படம் 'டு லெட்'. செழியனைப் பலருக்கு 'பரதேசி' ஒளிப்பதிவாளராகத் தெரியும். ஆனந்த விகடனில் 'உலக சினிமா' தொடர் எழுதியவராக இன்னும் பலருக்குத் தெரியும். அந்தத் தொடரைப் படித்தவர்கள், 'ஊர் ஊராகப் படம் காட்டுகிறாரே, இவர் எடுத்தால் எப்படியிருக்கும்' என்று நினைத்திருப்பார்கள். எடுத்துவிட்டார். 2017-க்கான தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம். திருவிழாக்களை எல்லாம் சுற்றிவிட்டு 2019 பிப்ரவரி 21-ல் தியேட்டருக்கு வந்தது.

இது முழுக்க முழுக்க வீடு தேடுகிற படம். சொந்த வீடு என்கிற கதவு இங்கே கிடையாது. காலம் 2007, ஊர் சென்னை. இளங்கோ சினிமாவில் முன்னுக்கு வரத் துடிக்கிறவன். மனைவி அமுதா, சின்னப் பையன் சித்தார்த். ஒரு மாதத்தில் காலி பண்ணு என்கிறார் வீட்டுக்காரம்மா. அதற்கப்புறம் தெருத்தெருவாக அலைச்சல். என்ன வேலை என்ற கேள்விக்கு சினிமா என்றதும் சாத்தப்படுகிற கதவுகள். என்ன சாப்பிடுவீங்க, என்ன ஆளுங்க என்று சுற்றிவளைத்து வருகிற விசாரணைகள். பின்னணி இசையே கிடையாது. வீட்டுச் சத்தமும் தெருச் சத்தமும்தான். இசை இருந்திருந்தால் நாம் நிம்மதியாக ஒரு மூச்சு அழுதுவிட்டு எழுந்து வந்திருப்போம். அந்தச் சலுகையைத் தர மறுக்கிறார் செழியன். சபாஷ்.

வாடகை வீட்டின் அவமானம் எதில் இருக்கிறது என்று இந்தப் படத்துக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. குழந்தை சுவரில் கிறுக்குவதுகூட அங்கே பதற்றம். நம் வீட்டில் குழந்தை கிறுக்கினால் அது ஓவியம், வாடகை வீட்டில் கிறுக்கினால் வெள்ளையடிக்கிற செலவு, அட்வான்ஸில் பிடித்தம்! நாம் குடியிருக்கும்போதே அடுத்தவர்கள் வீடு பார்க்க வருவார்களே, அந்தக் கண்ராவி ஒன்று போதும். கொடியில் துணி காய்கிறது, அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, யாரோ ஒரு தம்பதி உள்ளே வந்து நம் பெட்ரூமில் அவர்கள் பீரோவை மனக்கண்ணால் நிறுத்திப் பார்க்கிறார்கள். ஷீலா ராஜ்குமார் அமுதாவாக இந்த அவஸ்தைகளைப் பெரும்பாலும் பேசாமலேயே தாங்குகிறார். சந்தோஷின் இளங்கோ பேசித் தாங்குகிறார். இரண்டும் சரியாக இருக்கிறது.

ஆனால் வீட்டுக்காரம்மா? முதலிலிருந்து கடைசி வரை கறார். ஒரே சுருதி. அந்த அம்மாள் வாயைத் திறந்தாலே நமக்கு ரத்தம் கொதிக்கிறது, தியேட்டரில் பக்கத்து சீட்காரர் பல்லைக் கடிக்கிறார். கொதிக்கக் கொதிக்க, இதெல்லாம் ஒரு பொல்லாத பொம்பளையின் கதை என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். நல்ல ஹவுஸ் ஓனர் கிடைத்திருந்தால் இளங்கோ பிழைத்திருப்பான், அவன் நேரம் சரியில்லை! அங்கேதான் படம் நம்மைச் சுலபமாக வெளியே விட்டுவிடுகிறது. ஐ.டி. கம்பெனிகள் வந்து வாடகை எகிறியது என்பதைப் படத்தின் தொடக்கத்தில் எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். அந்த எழுத்தில்தான் நம்ம 'இன்னொரு பார்ட்டி' ஒளிந்திருக்கிறார். அவர் எழுத்தைவிட்டு இறங்கி ஒரு மனிதராக நடமாடவே இல்லை. வீடு பார்க்க வருகிறவர்கள் வந்த வேகத்தில் போய்விடுகிறார்கள்.

நான் வீட்டுக்காரம்மாவுக்கு வக்காலத்து வாங்கவில்லை. கணக்கைக் கொஞ்சம் பாருங்கள் என்கிறேன். ஒரு உதாரணத்துக்கு, 60 லட்சம் மதிப்புள்ள வீடு, மாதம் 15 ஆயிரம் வாடகை. வருஷத்துக்கு 1 லட்சத்து 80 ஆயிரம், போட்ட பணத்துக்கு 3 சதவீதம். சொத்து வரி, ரிப்பேர் தனி. அதே 60 லட்சத்தை பேங்க்கில் ஆறரை சதவீத வட்டிக்குப் போட்டால் 3 லட்சத்து 90 ஆயிரம். வீடு வைத்திருப்பவர் ஒவ்வொரு மாதமும் நமக்கு தர்மம் செய்வதாகவே நினைத்துக்கொண்டிருப்பதன் ரகசியம் இதுதான். நாம் சம்பளத்தில் பாதியை எடுத்து நீட்டுகிறோம், வாங்குகிறவருக்கு அது அற்பமாகத் தெரிகிறது. இரண்டு பேருக்கும் கடுப்பு, இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பத்து மாத அட்வான்ஸ் என்பது இந்தக் குறையை ஈடுகட்ட ஓனர்கள் கண்டுபிடித்த வட்டியில்லாக் கடன். மனிதர்களின் குணம் இந்தக் கணக்குக்கு அப்புறம்தான் வருகிறது. 'டு லெட்' குணத்தில் ஆரம்பித்துவிடுகிறது.

இன்னொரு தமாஷ். 'டு லெட்' ரிலீஸான மறுநாள், 2019 பிப்ரவரி 22-ல், தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் அமலுக்கு வந்தது. 1960-ம் வருஷத்துச் சட்டத்துக்கு விடை கொடுத்துவிட்டு வந்த சட்டம். எழுத்துமூலம் ஒப்பந்தம் கட்டாயம், பதிவு செய்யவேண்டும் என்றெல்லாம் நல்ல விஷயங்கள் உண்டு. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்றும் இருக்கிறது. ஆஹா என்று எழுந்து உட்காராதீர்கள். 'ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய' என்று கூடவே ஒரு வால். ஒப்பந்தத்தை எழுதுகிறவர் யார்? ஓனர். கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும்? இன்னொரு பார்ட்டி காத்துக்கொண்டிருக்கிறார். சட்டமும் அவரைப் பார்க்கவில்லை!

சரி, சினிமாவும் சட்டமும் பார்க்காதவரை நான் எங்கே பார்த்தேன்? சென்னையில் இல்லை, பொம்மையார்பாளையத்தில்.

ஈ.சி.ஆரில் பாண்டிச்சேரிக்குப் போகிறவர்கள் இந்த ஊரைக் கடந்திருப்பார்கள். விழுப்புரம் மாவட்டம், வானூர் தாலுகா. பாண்டிக்கு வடக்கே கூப்பிடு தூரம். மயிலம் முருகன் கோயிலை நிர்வகிக்கிற பொம்மபுர ஆதீனத்தின் பெயரும் இந்த ஊரின் பெயரும் ஒட்டிப் பிறந்தவை. ரோட்டுக்குக் கிழக்கே குப்பமும் கடலும். மேற்கே செம்மண் ஏறி ஏறிப் போனால் ஆரோவில்.

என் சிநேகிதர் ஒருவரின் மகளுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர் வேலை கிடைத்தது. அம்மாவும் பெண்ணுமாக இருக்க இரண்டு ரூம், ஒரு கிச்சன். வாடகை 9 ஆயிரம் வரை தரலாம். இதற்கென்ன, கிராமம்தானே, கொட்டிக் கிடக்கும் என்றுதான் போனோம். வீடுகள் கொட்டித்தான் கிடந்தன. புதுசாக மாடி எடுத்த வீடுகள். பாதி பூட்டியிருந்தன. எந்தக் கதவிலும் 'டு லெட்' கிடையாது. 'ரூம்ஸ் அவைலபிள்', 'ஹோம் ஸ்டே', 'ஸ்கூட்டர் வாடகைக்கு'.

ஒரு வீட்டு வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மாளிடம் கேட்டோம்.

"மாச வாடகைக்கா? இல்லீங்களே... நாங்க நாள் வாடகைக்குத்தான் வுடறோம்."

"மாடி பூட்டித்தானே இருக்கு?"

"இப்போ பூட்டித்தான் கெடக்குது. வெள்ளிக்கெழம சாயங்காலம் வந்து பாருங்க, நிக்க எடம் இருக்காது. மெட்ராஸு, பெங்களூரு, எங்கிருந்தெல்லாமோ வர்றாங்க."

"மத்த நாள் காலியா கிடந்தா கட்டுப்படியாகுதாம்மா?"

அந்த அம்மாள் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். பரிதாபமாகத்தான். "ஆவுதேம்மா" என்றார் பெண்ணைப் பார்த்து. "வீடு கட்டுன கடன் இருக்குது. டீச்சரம்மாக்கு வுடணும்னு எனக்கும் ஆசதான். நீங்களே சொல்லுங்க, இன்னா பண்ணுவேன்?"

இந்த வீட்டுக்காரம்மாவிடம் ஒரு துளி கறார் இல்லை. டீ போட்டுத் தருகிறேன் என்றார். கூடவே, உள்ளே தள்ளி யாரிடம் கேட்கலாம் என்று வழியும் சொன்னார். ஆனால் பதில் 'டு லெட்' வீட்டுக்காரம்மா சொன்ன அதே பதில். வீடு இல்லை.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ரூபாய் இடத்துக்கு இடம் மாறும், கணக்கின் போக்கு மாறாது. ஒரு ராத்திரிக்கு 1,800. மாதத்தில் நாலு வாரக் கடைசி, எட்டு ராத்திரி. 14,400. சலவை, கரன்ட், புரோக்கர் என்று 3 ஆயிரம் போனாலும் கையில் 11,400. டீச்சர் தருவது 9 ஆயிரம். ஆக, 22 ராத்திரி இருட்டில் கிடக்கிற வீடு, 30 ராத்திரியும் விளக்கு எரிகிற வீட்டைவிட அதிகம் சம்பாதிக்கிறது. தவிர, வந்தவர்கள் திங்கட்கிழமை போய்விடுவார்கள். காலி பண்ணு, மாட்டேன் என்று ஒருநாளும் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை.

இப்போது புரிகிறதா இன்னொரு பார்ட்டி யார் என்று? சனிக்கிழமை காலை இட்லி சாப்பிட்டுவிட்டு, 'ரொம்ப போரடிக்குது, பாண்டி பக்கம் போய்ட்டு வரலாமா' என்று கிளம்புகிறோமே, நாம்தான் அது. நீங்களும் நானும். திங்கட்கிழமை நம் ஊரில் வாடகை ஏறிவிட்டது என்று அங்கலாய்க்கிறோம். சனிக்கிழமை இன்னொருவர் ஊரில் வாடகையை ஏற்றிவிட்டு வருகிறோம். கடல் காற்று நன்றாக இருந்தது என்று போட்டோ போடுகிறோம்.

டீச்சருக்காவது வேறு ஊர் உண்டு. கிழக்கே குப்பத்துக்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1980-களின் கடைசியில் பாண்டிச்சேரியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லைக் கொட்டி அலை தடுப்புச் சுவர் கட்டினார்கள். இந்தக் கரையில் மணல் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் தெற்கிலிருந்து வடக்காக நகரும். சுவர் அதை மறித்துக்கொண்டது. வடக்கே மணல் வரத்து நின்றது, பாண்டியின் பீச் காணாமல் போனது. நகரத்தைக் காப்பாற்றக் கரையோரம் பாறைகளை அடுக்கினார்கள். கடலின் பசி அப்படியே வடக்கே நகர்ந்து கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வந்துவிட்டது. தென்னை மரங்கள், வலை காய்ந்த இடம், வீடுகள் எல்லாம் போயின. தெருவே போய்விட்டது என்று கடலைக் கைகாட்டிச் சொல்கிறார்கள். நாம் எட்டிப் பார்த்தால் அலைதான் தெரிகிறது.

வீடு போனவர்கள் எங்கே வீடு தேடுவார்கள்? நம்மைப் போல 'கொஞ்சம் உள்ளே தள்ளிப் போனா சீப்பா கிடைக்கும்' என்று அவர்களால் போக முடியாது. படகும் வலையும் கரையில் இருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்குக் கடலுக்குப் போகிறவர் பத்து கிலோமீட்டர் தள்ளி எப்படிக் குடியிருப்பார்? அவருக்கு வேண்டியது ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற அந்தச் சின்னத் துண்டு நிலத்தில் ஒரு வீடு. வார இறுதியில் அலைச் சத்தம் கேட்டுத் தூங்க ஆசைப்படுகிற நமக்கும் வேண்டியது அதே துண்டுதான். அவரும் நாமும் ஒரே வீட்டுக்குப் போட்டி போடுகிறோம், ஒருவரை ஒருவர் பார்க்காமலே. 'இன்னொரு பார்ட்டி பார்த்துட்டுப் போயிருக்கு' என்று அவரிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள்.

மேற்கே ஆரோவிலில் வேறு மாதிரி. 1968-ல் தொடங்கியபோது 50 ஆயிரம் பேருக்கான நகரம் என்று திட்டம். இன்றும் சில ஆயிரம் பேர்தான். அங்கே வீடு யாருக்கும் சொந்தமில்லை, நிலமும் கட்டடமும் ஆரோவில் ஃபவுண்டேஷனுடையவை. வாடகை கொழிக்கிற முதலாளி கிடையாது என்பதால் வீட்டுத் தட்டுப்பாடும் கிடையாது என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். புதிதாகச் சேருகிறவர்கள், ஊருக்குப் போனவர்களின் வீட்டில் அவர்கள் திரும்பி வரும்வரை காவலுக்கு இருப்பதுபோல் தங்கி, அடுத்த வீட்டுக்கு மாறி, அப்படியே காலம் தள்ளுவது அங்கே சகஜம். ஓனரே இல்லாத ஊரிலும் வீடு தேட வேண்டியிருக்கிறது. ஆகவே, ஓனரின் பொல்லாத்தனத்தை மட்டும் காட்டுகிற படம் பாதிப் படம் என்ற என் கட்சிக்கு ஆரோவிலும் சாட்சி.

பழைய படங்கள் இந்தப் போட்டியை வேறு விதமாகக் கையாண்டன என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'எதிர்நீச்சல்' (1968) ஞாபகமிருக்கிறதா? கே.பாலசந்தர் படம். பல குடித்தனங்கள் இருக்கிற வீடு, மாடிப்படிக்கு அடியில் நாகேஷ். அங்கே இன்னொரு பார்ட்டி ஒளிந்திருக்கவில்லை. அடுத்த போர்ஷனில் இருந்தார். குழாயடியில் சண்டை போட்டார், காபிப் பொடி கடன் கேட்டார். ஒண்டிக்குடித்தனத்தில் ஆயிரம் கஷ்டம் உண்டு, ஆனால் யாரோடு போட்டி போடுகிறோம் என்று முகம் தெரிந்தது. இப்போது தனித்தனி வாசல், தனித்தனி மீட்டர். போட்டியாளரும் தனியாகப் போய்விட்டார்.

2025-ல் வந்த '3 பி.எச்.கே' பற்றியும் கேட்பீர்கள். ஸ்ரீகணேஷ் இயக்கம். சரத்குமார், தேவயானி, சித்தார்த். வாடகை வீட்டிலிருந்து சொந்த ஃப்ளாட்டுக்குப் போகத் துடிக்கிற குடும்பம், சேர்த்த பணம் ஒவ்வொரு தடவையும் படிப்பு, கல்யாணம் என்று கரைகிறது. கண்ணில் தண்ணீர் வரவைக்கிற இடங்கள் நிஜமாகவே உண்டு, சரத்குமார் இவ்வளவு அடங்கி நடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் ஃப்ளாட் விலை ஏன் இவர்கள் சேமிப்பைவிட வேகமாக ஓடுகிறது என்று யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. விலை ஏறுவது வெயில் ஏறுவது மாதிரி இயற்கை என்று குடும்பமே ஒப்புக்கொண்டுவிடுகிறது. பையன் இன்னும் நன்றாகப் படித்திருந்தால், இன்னும் உழைத்திருந்தால்... என்று பாரம் முழுக்க வீட்டுக்குள்ளேயே விழுகிறது. 1988-ல் சுதா கோர்ட்டுக்காவது போனாள்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. வீடு பார்க்க வருகிற அந்த இன்னொரு தம்பதி இருக்கிறார்களே, 'டு லெட்' படத்தில் வந்து போகிறவர்கள், அவர்கள் பின்னாலேயே கேமரா ஒரு பத்து நிமிஷம் போயிருக்கலாம். அவர்களையும் யாரோ அங்கே காலி பண்ணச் சொல்லியிருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு பையன் சுவரில் கிறுக்கியிருப்பான். செழியன் கையில் அந்தப் பத்து நிமிஷம் என்னவாகியிருக்கும் என்று யோசித்தால் ஏக்கமாக இருக்கிறது. அவர் அதற்கு லாயக்கான ஆள் என்பதால்தான் இவ்வளவு குறை சொல்கிறேன்.

டீச்சருக்கு வீடு கிடைத்துவிட்டது. கடலில் இருந்து பதினான்கு கிலோமீட்டர் உள்ளே, வானூர் பக்கம். 7,500 ரூபாய், மூன்று மாத அட்வான்ஸ். காலையில் ஒரு பஸ், அதை விட்டால் ஷேர் ஆட்டோ. எட்டரை மணி பெல்லுக்கு ஆறே முக்காலுக்குக் கிளம்புகிறாள்.

'டு லெட்' பார்க்காதவர்கள் பார்த்துவிடுங்கள். 'வீடு' கொஞ்சம் சிரமம். அதன் நெகடிவ் இப்போது இல்லை என்று பாலு மகேந்திராவே வருத்தத்தோடு சொல்லியிருந்தார். 2014-ல் அவரும் போய்விட்டார். கிடைக்கிற பிரதியில் மங்கலாகத்தான் பார்க்க வேண்டும். தாத்தா தனியாகக் கிளம்புகிற இடம் வரும்போது மட்டும் செல்போனைத் தூர வைத்துவிடுங்கள்.